நாற்றுக் கலவையில் மண்புழு உரம்: ஐந்தில் ஒரு பங்கு போதும்

மண்புழு உரம் நல்லதுதானே என்று குழித்தட்டு முழுக்க அதையே நிரப்புகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் விதை முளைக்கத் திணறும், முளைத்தாலும் இலை நுனி கருகும். காரணம், உரத்திலுள்ள கரையும் உப்புகள். தவிர, தண்ணீர் பட்டுப் பட்டு உரம் படிந்துவிட்டால் வேருக்குக் காற்றும் கிடைக்காது. நாற்றுக்கு அது சோறு அல்ல, ஊறுகாய். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தக்காளி நாற்றை வைத்துச் செய்த ஆய்வுகளிலும், முழுக்க உரத்தில் வளர்ந்தவை பின்தங்கின. கலவையில் ஒரு பங்காக மட்டும் சேர்த்தவைதான் செழித்தன.

முதலில் உரத்தைச் சோதியுங்கள். கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்த மண்போல மணக்க வேண்டும். புளித்த வாடையோ அம்மோனியா நெடியோ அடித்தால் இன்னும் சில வாரம் நிழலில் கிடக்கட்டும். வெயிலில் காயப்போடாதீர்கள், நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். பிறகு சலித்து, புழுக்களையும் முட்டைக்கூடுகளையும் மண்புழுத் தொட்டிக்கே திருப்பிவிடுங்கள். சமையலறைக் கழிவில் செய்த உரமென்றால் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஈரமாக்கி ஒரு வாரம் வையுங்கள். பழைய தக்காளி விதையும் பூசணி விதையும் அதிலிருந்து தானாக முளைத்து வருவது சகஜம். மிளகாய் நாற்றுக்கு நடுவே தக்காளி எட்டிப் பார்த்தால் தொல்லை உங்களுக்குத்தான்.

தென்னை நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். அதிலும் உப்பு இருக்கும். பலர் இந்த வேலையை விட்டுவிட்டு உரத்தைக் குறை சொல்கிறார்கள். ஒரே மக்கால் அளந்து, நார்க்கழிவு நான்கு, மண்புழு உரம் ஒன்று. ஒரு பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளும் சேர்க்கலாம். கலவையைக் கையில் இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும், ஒழுகக் கூடாது.

98 குழித் தட்டில் தளர்வாக நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். தட்டுகளை அடுக்கி பாலித்தீன் தாளால் மூடுங்கள். முளை தலைகாட்டிய அன்றே பிரித்து நிழல்வலைக்குக் கீழே பரப்பிவிட வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் தண்டு வெளுத்து நீண்டுவிடும். பூவாளியால் மெல்லத் தண்ணீர் விடுங்கள், மேல்பரப்பு சற்றே காய்ந்த பிறகு மட்டும். சதா ஈரமாக இருந்தால் நாற்றழுகல் வரும், எந்த உரமும் காப்பாற்றாது.

இரண்டு வாரத்தில் இலை வெளிறினால் மண்புழுத் தொட்டியிலிருந்து வடியும் மண்புழுக் குளியல்நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். தக்காளி சுமார் 25 நாளில் தயார். மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் ஆகும், அவசரப்படாதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள்: வேர் கலவையைக் கட்டிப் பிடித்து, உதிராமல் முழுசாக வந்தால் நடலாம்.