ஆங்கில நாட்டுக் கல்மனை ஒன்று

கட்டடக்கலை எனின் கோபுரமும் கோட்டையும் அரண்மனையுமே நம் கருத்திற் படுவன. உழவனொருவன் தன் குடும்பம் வாழ்தற்குக் கட்டிய வீடும் அக்கலையின்பாற்பட்டதே. இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரி நாட்டில், திரவுட்பெக் என்னுஞ் சிற்றூரிலுள்ள டவுன் எண்ட் என்னும் மனையை ஈண்டு நோக்குவாம். பிரௌண் என்னும் உழவர் குடும்பத்தினர் 1626 ஆம் ஆண்டளவில் இதனைக் கட்டினர். 1943 வரை அவர்தம் வழியினரே அதில் வாழ்ந்தனர்.

அவ்வாண்டைக் குறித்து ஒன்று கூறல்வேண்டும். அப்பகுதி உழவர் பெருநிலக்கிழாரின்கீழ் வழக்குரிமையால் நிலம் பெற்றிருந்தனர். ஸ்கொத்லாந்து எல்லையைக் காக்கும் படைக்கடமையே அவ்வுரிமைக்கு அடிப்படை எனக் கருதப்பட்டது. 1603 இல் இரு நாடுகளும் ஓரரசனின்கீழ் வந்தன. கடமை ஒழிந்தமையின் உரிமையும் ஒழிந்தது என வாதித்தனர் அரசர் தரப்பினர். உழவர் ஒன்றுகூடி வழக்காடினர். 1625 இல் நட்சத்திர மண்டபம் என்னும் நீதிமன்று, அவ்வுரிமை வழிவழி வருவதே எனத் தீர்த்தது. வீடு தன் மைந்தனைச் சேரும் என்னுந் துணிவில்லாதவன் கல்லாற் கட்டுவானோ? அந்நூற்றாண்டில் ஏரி நாடெங்கும் கல்மனைகள் எழுந்தமைக்கு ஆட்டுமயிர் வாணிகமுங் காரணமெனினும், இத்தீர்ப்பையே நாம் முதன்மையாகக் கொள்வோம். இவ்வுழவரை அந்நாட்டார் 'ஸ்டேட்ஸ்மன்' என்பர். மாணவர் அகராதியைப் புரட்டி அரசியலறிஞர் எனப் பொருள் கொள்ளற்க. நிலமுடையோன் என்பதே ஈண்டைப் பொருள்.

இனிச் சுவர். அயல்மலையில் வெட்டிய சிலேற்றுக்கல்லே முதற்பொருள். முன்னர் நம் பள்ளிச் சிறுவர் எழுதிப் பழகிய பலகையும் இவ்வினக் கல்லே. உள்ளும் புறமுமாக இரு சுவர்முகங்களை எழுப்பி, இடையே சிறு கற்களை இட்டு நிரப்புவர். இரண்டும் பிரிந்து சரியாவண்ணம் இடையிடையே நெடுங்கற்களைக் குறுக்கே வைத்துப் பிணைப்பர். இங்கிலாந்தில் மழை மிக்க பகுதி அதுவாதலின், புறத்தே சுண்ணாம்பு பூசினர்.

கூரைக்கும் அக்கல்லே. இறவாரத்திற் பெரிய கற்களும், மேலே செல்லச்செல்லச் சிறியனவும் அமைந்திருக்கும். மேலிருந்து வடியும் நீரனைத்தும் கீழ்ப்பகுதியைக் கடந்தே செல்லவேண்டும். ஆங்குப் பொருத்துவாய்கள் குறைந்திருத்தல் நன்று. பெருங்கற்களின் பாரமும் சுவரையொட்டியே இறங்கும். புகைபோக்கிகள் உருளை வடிவின. தட்டையாகப் பிளக்கும் இக்கல்லில் நன்கு சதுரித்த மூலைக்கல் எளிதிற் கிடையாது. வட்டமாய்க் கட்டினால் மூலையே வேண்டுவதில்லை. வேட்ஸ்வேர்த் என்னும் புலவர் ஏரி நாட்டுக்கு எழுதிய வழிகாட்டி நூலில் இத்தகைய புகைபோக்கிகளின் அழகை வியந்துள்ளார். அவ்வழகு கல்லின் குறையிற் பிறந்தது என்பது நம் கருத்து.

உள்ளே, குடும்பத்தார் கூடியிருக்கும் பெருங்கூடத்துக்குத் 'தீ இல்லம்' எனப் பொருள்படும் பெயர் வழங்கியது. சமைத்தல், துவைத்தல் முதலிய வேலைகளுக்கு வேறு பகுதி உண்டு. கருவாலி மரத் தளபாடங்களிற் செதுக்கு வேலை மிகுதி. 1914 இல் மறைந்த ஜோர்ஜ் பிரௌண் பழைய பாணியிற் பலவற்றைச் செதுக்கியவராதலின், காண்போர் அனைத்தையும் பதினேழாம் நூற்றாண்டின எனக் கொள்ளலாகாது. இம்மனை 1948 முதல் 'நாஷனல் திரஸ்ற்' என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பிலுள்ளது.

எதிரே நிற்கும் களஞ்சியத்தில் 1666 எனப் பொறிக்கப்பட்டுள்ளது. சரிவில் எழுந்த இரு தளக் கட்டடம் அது. மேட்டுப் பக்கத்தால் வைக்கோல் வண்டி நேரே மேற்றளத்துட் புகும்; கீழே மாடுகள் நிற்கும்; தீனியை மேலிருந்து தள்ளினாற் போதும்.