புயல் நேரத்தில் சேதி சொல்ல வழி என்ன?

செஞ்சிக்கும் சீயமங்கலத்துக்கும் இடைப்பட்ட பகுதி பாறைக் குன்றுகளும் ஏரிகளும் கிணற்றுப் பாசனமும் நிறைந்தது. நெல்லும் மணிலாவும் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு நிலம் பெரும்பாலும் ஊரை விட்டுத் தள்ளியே இருக்கிறது. இரவில் மோட்டார் போடவும், மழையில் மடையைப் பார்க்கவும் ஒருவர் தனியே போக நேரிடுகிறது. அப்போது பாம்பு கடித்தாலோ, ஓடையில் வெள்ளம் வந்து வழி அடைபட்டாலோ, சேதி எவ்வளவு விரைவில் ஊருக்கு எட்டுகிறது என்பதைப் பொறுத்தே உயிர் தப்புகிறது.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். இத்தகைய மழையில் மின்சாரம் முதலில் நிற்கும். செல்போன் கோபுரத்தின் பாட்டரி சில மணி நேரமே தாங்கும். பிறகு டீசல் வந்து சேராவிட்டால் கோபுரமும் ஓய்ந்துவிடும். ஆகவே மாற்று வழிகளை முன்கூட்டியே அறிந்து வைப்பது அவசியம்.

கையில் உள்ள செல்போன்

முதல் கருவி செல்போன்தான். புயல் அறிவிப்பு வந்தவுடன் அதை முழுவதும் சார்ஜ் செய்து, பாலிதீன் பையில் சுற்றி வைக்க வேண்டும். சிக்னல் குறைவாக உள்ளபோது பேச்சு கேட்காவிட்டாலும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு உண்டு. திரையில் "அவசர அழைப்பு மட்டும்" என்று தெரிந்தால் 112-ஐ அழைத்துப் பார்க்கலாம். வேறு கம்பெனியின் கோபுரம் வழியாகவும் அந்த அழைப்பு போகக்கூடும்.

பாம்புக் கடி, விபத்து ஆகியவற்றுக்கு 108. வெள்ளம், புயலுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தையும், சீயமங்கலம் திருவண்ணாமலை மாவட்டத்தையும் சேர்ந்தவை. எனவே செல்போனிலிருந்து 1077-ஐ அழைக்கும்போது விழுப்புரத்துக்கு 04146, திருவண்ணாமலைக்கு 04175 என்ற எண்ணை முன்னால் சேர்க்க வேண்டும். எந்த மாவட்டம், எந்த ஊர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வாக்கி-டாக்கி

கோபுரமே தேவைப்படாத கருவி வாக்கி-டாக்கி. ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு வானொலி அலை நேராகப் போகிறது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்த அலை கண்ணுக்கு எட்டும் பாதையில்தான் நன்றாகச் செல்லும். நடுவே குன்று நின்றால் தடைபடும். திறந்த வெளியில் 2 கிலோமீட்டர் கேட்கும் கருவி, பாறைக்குப் பின்னால் அரை கிலோமீட்டர்கூடக் கேட்காமல் போகலாம். ஏரிக்கரை போன்ற மேடான இடத்திலிருந்து பேசினால் தூரம் கூடும். இடி மின்னல் உள்ளபோது மட்டும் மேட்டில் ஏறக் கூடாது.

ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க மட்டுமே முடியும். பொத்தானை அழுத்தி, ஒரு விநாடி பொறுத்துப் பேச வேண்டும். இல்லாவிட்டால் முதல் சொல் விழுங்கப்பட்டுவிடும். பேசி முடித்ததும் "ஓவர்" என்று கூறிப் பொத்தானை விட வேண்டும்.

வாங்கும்போது எச்சரிக்கை தேவை. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு, 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை. கருவிக்கு மத்திய அரசின் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். மற்ற அலைவரிசைகளில் பேசும் கருவிகளும் இணைய வழியில் விற்கப்பட்டன. அவை போலீஸ் போன்ற துறைகளின் பேச்சுக்கு இடையூறு ஆகும் என்பதால், 2025-ஆம் ஆண்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விற்பனை நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அலைவரிசையும் ஒப்புதலும் எழுதப்படாத கருவியை மலிவு என்று வாங்கக் கூடாது.

வெகு தூரம் பேச ஹாம் வானொலி உள்ளது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, போர்ட் பிளேயரில் இருந்த ஹாம் வானொலியினர் அந்தமான் நிலவரத்தை வெளியுலகுக்குத் தெரிவித்தனர். மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர் மட்டுமே இதை இயக்கலாம். 12 வயது நிரம்பினால் தேர்வு எழுதலாம். ஊருக்கு ஓர் இளைஞர் முன்வந்தால் பயன் பெரிது.

செயற்கைக்கோள் கருவி

செயற்கைக்கோள் போன் குன்றுக்கும் கோபுரத்துக்கும் கட்டுப்படாது. வானம் தெரிந்தால் போதும். ஆனால் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றமாகும். மலையேறுவோர் பயன்படுத்தும் சிறிய செயற்கைக்கோள் கருவிகளைக் கொண்டுவந்த வெளிநாட்டவர்கள் இங்கு விமான நிலையங்களில் பிடிபட்டதுண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினர் அன்பளிப்பாகக் கொண்டுவருவதாகச் சொன்னால் தடுத்துவிட வேண்டும். கடலுக்குச் செல்லும் மீனவர்களுக்கென இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. உதவி கேட்டது கரையில் தெரிந்ததா என்பதைத் திருப்பித் தெரிவிக்கும் புதிய வகை 2024-இல் அறிவிக்கப்பட்டது. வயலுக்குச் செல்பவருக்கு இவை தேவைப்படுவதில்லை.

ஏற்பாடே முக்கியம்

எந்தக் கருவி இருந்தாலும், மறுமுனையில் கேட்பவர் இல்லாவிட்டால் பயனில்லை. ஐப்பசி மழைக்கு முன் பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலைந்து பேர் கூடிக் கீழ்க்கண்டவற்றை முடிவு செய்து கொள்ளலாம்:

1. இரவில் நிலத்துக்குப் போகிறவர், போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்ல வேண்டும். நேரம் தாண்டி அரை மணிக்குள் வராவிட்டால் யார் தேடிப் போவது என்பதையும் வரையறுக்க வேண்டும்.

2. வாக்கி-டாக்கி இருந்தால் எல்லோருக்கும் ஒரே சானல். புயல் நாளில் மணிக்கு ஒரு முறை, குறித்த நேரத்தில் எல்லோரும் கருவியைத் திறந்து கேட்க வேண்டும். இதனால் பாட்டரியும் மிஞ்சும்.

3. குன்று மறைக்கும் இடங்களில், இரு பக்கமும் கேட்கும்படி நடுவில் வீடு உள்ள ஒருவர் சேதியை வாங்கி மறுபக்கம் சொல்ல வேண்டும்.

4. சேதி சுருக்கமாக இருக்க வேண்டும்: யார், எங்கே, என்ன நேர்ந்தது, எத்தனை பேர். ஆம்புலன்சுக்குச் சர்வே எண் உதவாது. தார்ச்சாலையில் ஒருவர் டார்ச் விளக்குடன் நின்று வழி காட்ட வேண்டும்.

5. மழை இல்லாத ஒரு நாளில், ஒவ்வொரு கிணற்றடியிலிருந்தும் பேசிப் பார்த்து, கேட்காத இடங்களைக் குறித்து வைக்க வேண்டும்.

இதற்குப் பணச் செலவு மிகக் குறைவு. ஒரு மாலைப் பொழுது போதும். நாற்று விடும் முன் வரப்பைச் சீர் செய்வது போல, மழைக்கு முன் இதையும் முடித்துவிடுவது விவசாயக் குடும்பத்துக்குப் பாதுகாப்பு.