உப்பளப் படத்துக்கு எந்த உருமாற்றம்?

மாப்பிள்ளையூரணியை ஒட்டிய தூத்துக்குடிக் கடற்கரையின் உப்பளங்களைப் படமெடுப்பவர், அப்படம் தம்முடையது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத மறைகுறி ஒன்றை அதனுள் பதிக்க விரும்பினால், அதைப் பிக்சல்களின் கடைசிப் பிட்டில் எழுதுவதே எளிய வழி. ஆனால் ஜேபெக் வடிவில் ஒருமுறை சேமித்தாலே அது அழிந்துவிடும். ஆகவே ஓர் உருமாற்றத்தால் படத்தை அலைவெண் களத்துக்கு மாற்றி, குறியை அங்கே பதிக்கின்றனர். அலைவெண் என்பது இங்கே படத்தின் பரப்பில் ஒளியளவு எவ்வளவு விரைவாக ஏறி இறங்குகிறது என்பதன் அளவு: சீரான பாத்தி நீர் தாழ் அலைவெண், வரப்பின் விளிம்பும் உப்புப் பரலும் உயர் அலைவெண். தாழ்ந்ததில் கைவைத்தால் கண் கண்டுபிடிக்கும், உயர்ந்ததைச் சுருக்கமுறை வீசியெறியும் என்பதால் பெரும்பாலும் இடைப்பட்டதே பதிவிடமாகிறது.

படம் சந்திக்கப்போவது சுருக்கம் மட்டுமே எனில் தனிநிலைக் கொசைன் உருமாற்றமே முதல் தேர்வு. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர் 1974இல் வெளியிட்ட இம்முறையின் மீதுதான் ஜேபெக்கே கட்டப்பட்டிருக்கிறது. 8×8 பிக்சல் கொண்ட ஒவ்வொரு கட்டமும் 64 கெழுக்களாக, அதாவது ஒவ்வோர் அலைவெண்ணின் பங்கைச் சொல்லும் எண்களாக, மாறுகிறது; ஒவ்வொன்றும் அட்டவணையில் உள்ள ஓர் எண்ணால் வகுக்கப்பட்டு முழு எண்ணாக்கப்படுகிறது. பரவலாகப் பயன்படும் ஒளிர்வு அட்டவணையில் நான்காம் வரிசையின் மூன்றாம் இடத்திலும் ஐந்தாம் வரிசையின் இரண்டாம் இடத்திலும் ஒரே எண், 22, இருக்கிறது. இவ்விரு கெழுக்களுள் எது பெரியது என்பதையே ஒரு பிட்டாகக் கொண்டு, இடைவெளியை 22க்குக் குறையாமல் வைத்தால், அந்த அட்டவணையின் வகுத்தலுக்குப் பிறகும் அவற்றின் ஏற்றத்தாழ்வு மாறாது. உப்பளப் படத்தில் ஒரு சிக்கல் உண்டு: நண்பகல் வெயிலில் உப்புக் குவியல் 255 என்ற உச்ச ஒளியளவைத் தொட்டிருந்தால், கூட்ட வேண்டியதைக் கூட்ட இடமின்றி அக்கட்டத்தின் குறி சிதையும், அத்தகைய கட்டங்களைத் தவிர்ப்பதே நல்லது.

இம்முறையின் பலவீனம் கட்டங்களிலேயே இருக்கிறது. யாரேனும் இடப்புறம் மூன்று பிக்சலை வெட்டினால் கட்டங்கள் இடம் பெயர்ந்து, தேடுபவர் வேறு கெழுக்களைப் படிக்க நேரும். படத் திருட்டில் வெட்டலும் சாய்த்தலும் அன்றாடம் நடப்பவை. அங்கே, முழுப் படத்தையும் அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியர் உருமாற்றம் உதவுகிறது. படம் நகர்ந்தால் அலைகளின் கட்டநிலை, அதாவது அவை தொடங்கும் இடம், மட்டுமே மாறுகிறது; அவற்றின் வீச்சு, அதாவது உயரம், மாறுவதில்லை. படம் திரும்பினால் வீச்சும் அதே கோணத்தில் திரும்புகிறது. எனவே வீச்சில் பதித்த குறியைக் கோணத்தைத் தேடி மீட்கலாம், வெட்டிய படத்திலும் அது ஓரளவு தங்கும். ஆனால் வீச்சின் சமச்சீரைக் குலைக்காமல் பதிக்க வேண்டும் என்பதால் கொள்ளளவு குறைவு.

ஃபூரியர் எந்த அலைவெண் உண்டு என்று சொல்லும். அது எங்கே உண்டு என்று காட்டாது. எடுத்துக்காட்டாக, கடல்மட்டப் பதிவில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பும் நிலவின் ஓதத்தைப் பிரித்தறிய அதுவே சிறந்த கருவி. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை எந்நேரத்தில் தாக்கியது என்பதை அதே பதிவிலிருந்து எடுத்துக்காட்டச் சிற்றலை உருமாற்றமே ஏற்றது. படத்திலும் இவ்வேறுபாடே செல்லும். சிற்றலை ஒரு படத்தைத் திரண்ட சிறு படமாகவும், கிடை, நெடு, மூலைவிட்ட விவரங்களாகவும் நான்காகப் பிரிப்பதால், பாத்தி நீரைத் தொடாமல், மாறுதலைக் கண் உணராத வரப்பு விளிம்புகளில் மட்டும் அழுத்தமாகப் பதிக்க முடிகிறது. ஜேபெக் 2000 இதையே பயன்படுத்துகிறது. எனினும் ஒரு பிக்சல் நகர்வே இதன் கெழுக்களைக் குலைத்துவிடும்.

வாட்ஸ்அப் போன்ற வழிகளில் படம் அளவு குறைந்தும் சுருங்கியும் செல்லும் இன்றைய நிலையில், ஒன்றை மட்டும் நம்புவது அறிவுடைமை ஆகாது: நிலையையும் கோணத்தையும் சுட்டும் அடையாளத்தை ஃபூரியர் வீச்சிலும், உரிமைச் செய்தியைக் கொசைன் அல்லது சிற்றலைக் கெழுக்களிலும் வைப்பதே பொருத்தம். முடிவெடுக்கும் முன், பதித்த படத்தை ஜேபெக் தரம் 50இல் சேமித்தும், ஓர் ஓரத்தை வெட்டியும், ஒரு பாகை சாய்த்தும், பாதியாகச் சிறுத்தும், மீளும் பிட்டுகளில் எத்தனை தவறுகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சோதனையை உப்பளத்தின் வெளுத்த படத்திலும், படகுகள் நெருங்கிய துறைப் படத்திலும் தனித்தனியே செய்ய வேண்டும்.