தாளில் அடங்காத கணக்கு

கொல்கத்தாவில் நம்மவர் பலருக்குக் கணக்கு வேலைதான் சோறு போடுகிறது. அவர்களுக்கு இந்தப் பாடம் உதவும்.

எக்ஸெல் தாளில் 2003 பதிப்புவரை 65,536 வரிகள்தாம் கொள்ளும். 2007 முதல் 10,48,576. ஆனால் கோப்பைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவில் வைத்தால் இன்றும் பழைய எல்லைதான். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு இதில் சிக்கியது. மிஞ்சிய வரிகள் சத்தமில்லாமல் விழுந்துபோய், 15,841 கொரோனா நோயாளிகள் அன்றாடக் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமாயிற்று.

பத்தரை லட்சத்தைத் தாண்டினால் கோப்பைத் துண்டு துண்டாக வெட்டுவது பலர் வழக்கம். வேண்டாத வேலை! பிவட் டேபிளுக்கு எல்லா வரிகளும் தாளில் இருக்கவேண்டியதில்லை. (பராநகரில் மகலனோபிஸின் புள்ளியியல் கழகம் துளையட்டைகளை இயந்திரத்தில் இட்டுத் தொகையை மட்டும் எடுத்த ஊர் அல்லவா இது!) எக்ஸெல் 2016 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில், 'டேட்டா' மெனுவின் 'கெட் டேட்டா' வழியே சி.எஸ்.வி. கோப்பைத் தேர்ந்தெடுங்கள். 'லோட் டு' சென்று 'ஒன்லி கிரியேட் கனெக்‌ஷன்', 'டேட்டா மாடல்' இரண்டையும் குறியிடுங்கள். பிறகு 'இன்சர்ட்' மெனுவில், டேட்டா மாடலிலிருந்து பிவட் டேபிள் போடலாம். 32 பிட் எக்ஸெல் நினைவகம் போதாமல் திணறும். 64 பிட் நல்லது.

ஒன்று கவனம். தொகையின்மேல் இருமுறை தட்டினால் திறக்கும் விவரத் தாளில், நாமாக மாற்றாதவரை முதல் 1,000 வரிகளே வரும். முழுப் பட்டியல் என்று ஆடிட்டரிடம் நீட்டிவிடாதீர்கள். மூலக் கோப்பில் எத்தனை வரிகள் என்று அனுப்பியவரிடமே கேட்டு, பிவட்டின் 'கவுண்ட்' எண்ணோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.