ஜெர்மனியில் எம்.எஸ்ஸி. இயற்பியல்: பெட்டி கட்டும் முன்

'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்ற ஒரே வரியை நம்பிக் கிளம்பி, பாதி வழியில் கையைச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வரி முக்கால்வாசி உண்மைதான்; ஆளைக் கவிழ்ப்பது மீதிக் கால்வாசி.

செய்ய வேண்டியவை

• உங்கள் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களின் விசாவுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். அட்மிஷன் கைக்கு வந்த பிறகு இதற்காக உட்கார்ந்திருப்பது கொடுமை.

• பி.எஸ்ஸி. சிலபஸைப் பேப்பர் பேப்பராக எடுத்து வையுங்கள். பட்டத்தின் பெயரை விட, கிளாசிக்கல் மெக்கானிக்ஸ், எலெக்ட்ரோடைனமிக்ஸ், குவாண்டம், ஸ்டாட்டிஸ்டிக்கல் மெக்கானிக்ஸ், லேப் எல்லாம் எவ்வளவு ஆழமாகப் படித்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். ஜெர்மன் பி.எஸ்ஸி. 180 கிரெடிட்; அதோடு ஒப்பிட்டால், குவாண்டத்தை அரை செமஸ்டரில் ஓட்டி முடித்த நம்மூர் மூன்றாண்டுப் பட்டம் பல இடங்களில் எடுபடாது. இங்கேயே ஒரு எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, அங்கே போய் மறுபடி எம்.எஸ்ஸி. சேர்பவர்கள் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

• மதிப்பெண்ணை அவர்கள் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே 1.0 உச்சம், 4.0 பாஸ் எல்லை. 100-க்கு 80, பாஸ் மார்க் 40 என்றால்: உச்சத்துக்குக் குறைவது 20, அதை 60-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டினால் 2.0. 2.5-ஐத் தாண்டினால் பல கதவுகள் மூடிவிடும்.

• ரேங்கிங்கை மூடிவைத்து, ஆராய்ச்சிக் குழுவைத் தேடுங்கள். எம்.எஸ்ஸி.யின் 120 கிரெடிட்டில் பெரும்பாலும் பாதி, அதாவது இரண்டாம் ஆண்டு முழுக்க, ஆராய்ச்சியும் தீசிஸும்தான். எக்ஸ்-ரே, துகள் இயற்பியல் என்றால் ஹாம்பர்க்கில் டெசி ஆய்வகம் இருக்கிறது. அணுக்கரு இயற்பியலுக்கு டார்ம்ஸ்டாட்டில் ஜி.எஸ்.ஐ.; நியூட்ரினோவின் நிறையை அளக்கும் கேட்ரின் கார்ல்ஸ்ரூவில்; குவாண்டம் ஒளியியலுக்கு மியூனிக் பக்கத்துக் கார்ஷிங்கில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம். யாரிடம் தீசிஸ் செய்வீர்கள் என்று தெரிந்தால் எஸ்.ஓ.பி. (விண்ணப்பத்தோடு தரும் நோக்கக் கட்டுரை) தன்னைத் தானே எழுதிக்கொள்ளும்.

• விசாவுக்காக ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்ட் பணத்துக்கு இப்போதே வழி பாருங்கள். 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. மாதம் 992 மட்டும்தான் எடுக்க முடியும். தொகை அவ்வப்போது ஏறும், ரூபாய் இறங்கும். கொஞ்சம் கூடவே வையுங்கள்.

• போய்ச் சேர்ந்ததும் 'ஹீவி' வேலை கேளுங்கள். பேராசிரியரின் குழுவில் மாணவ உதவியாளர் வேலை இது. வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பில் இது சேராது. தீசிஸுக்கும் கதவு திறக்கும்.

செய்யக்கூடாதவை

• எல்லா ஊரும் இலவசம் என்று நினைக்காதீர்கள். ஹைடெல்பர்க், ஃப்ரைபர்க், கார்ல்ஸ்ரூ எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்றவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேர்பவர்களிடம் ஆயிரக்கணக்கில் வாங்குகிறது.

• ஏஜெண்ட் காட்டும் பட்டியலை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்களிடம் அவருக்குப் பொதுவாகக் கமிஷன் கிடைக்காது. தனியார் கல்லூரி பட்டியலின் உச்சியில் இருப்பது ஏன் என்று நீங்களே யோசியுங்கள்.

• எஸ்.ஓ.பி.யைச் சிறுவயதில் மொட்டைமாடியில் நட்சத்திரம் பார்த்த கதையோடு தொடங்காதீர்கள். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் செய்த ஒரு பிராஜெக்ட், அதில் எங்கே சிக்கினீர்கள் என்று எழுதுங்கள்.

• 'அரியர் வைத்து அப்புறம் எழுதிக்கொள்ளலாம்' என்ற பழக்கத்தை விமானத்தில் ஏற்றாதீர்கள். பல இடங்களில் ஒரு கட்டாயத் தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றும் போனால் அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடர முடியாமல் போகலாம். தயாரில்லையா, விலகும் கடைசித் தேதிக்குள் பெயரை எடுத்துவிடுங்கள்.

• இங்கிலீஷ் மீடியம்தானே என்று ஜெர்மனைத் தள்ளிப்போடாதீர்கள். குவாண்டம் இங்கிலீஷில் நடக்கும். வாடகை ஒப்பந்தமும் வெளிநாட்டவர் அலுவலகக் கடிதமும் ஜெர்மனில்தான் வரும். கிளம்பும் முன் ஏ2 முடித்துவிடுங்கள்.

• மலிவாக இருக்கிறதே என்று தனியார் ஹெல்த் இன்ஷூரன்ஸுக்குப் போகாதீர்கள். 30 வயதுக்குள் இருந்தால் அரசுக் காப்பீடு கிடைக்கும்; ஒருமுறை அதை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது.

• இதே எம்.எஸ்ஸி.க்காகப் பெருங்கடன் வாங்கி அமெரிக்கா போகாதீர்கள். அங்கே இயற்பியல் மாணவர்கள் நேராகப் பிஎச்.டி.க்கே விண்ணப்பிக்கிறார்கள், பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு. கம்ப்யூட்டர் சயன்ஸ்காரன் கடனை அடைக்கும் வேகத்தில் நாம் அடைக்க முடியாது.

• பார்க்காத அறைக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியை கூரியரில் அனுப்புகிறேன்' என்பவர் சாவியே இல்லாதவர். அட்மிஷன் வந்த அன்றே மாணவர் விடுதிக்குப் பெயர் கொடுங்கள், வரிசை நீளம். வெளியில் அறை எடுத்தால், முகவரிப் பதிவுக்கு வீட்டுக்காரரின் கையெழுத்துப் போட்ட படிவம் தருவாரா என்று முதலில் கேளுங்கள். தயங்கினால் அடுத்த அறையைப் பாருங்கள்.