கோளா, கரும்புள்ளியா?

கேள்வி: கிளீஸ் 581 என்ற விண்மீனைச் சுற்றி உயிர்கள் வாழத் தகுந்த கோள் இருப்பதாக 2010 வாக்கில் செய்தித்தாளில் படித்தேன். அப்போது நான் பள்ளி மாணவி. இப்போது தேடிப் பார்த்தால் அந்தக் கோளே இல்லை என்கிறார்கள். இருப்பதாக அறிவித்த கோள் எப்படி இல்லாமல் போகும்? சிவப்புக் குள்ள விண்மீன்களில் இது அடிக்கடி நடக்கிறதாமே. அப்படியானால் ப்ராக்சிமா என்ற விண்மீனின் கோளை மட்டும் எப்படி நம்புவது?
வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் படித்த செய்தியில் பாதி உண்மை. அந்த விண்மீனின் ஒளியில் ஓர் அசைவு தெரிந்தது. அதை அளந்தவர்கள் சரியாகவே அளந்தார்கள். அசைவுக்குக் காரணம் ஒரு கோள் என்று எடுத்துக்கொண்டதுதான் பிறகு நிற்கவில்லை. காரணம் அந்த விண்மீனே.

புறக்கோள்களைப் பெரும்பாலும் நாம் நேரில் பார்ப்பதில்லை. கோள் சுற்றும்போது அதன் இழுப்பில் விண்மீனும் சிறிது ஆடும். விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலை வரிகள் நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம் நகரும். பள்ளியில் படித்த டாப்ளர் விளைவுதான் இது. பூமி சூரியனை ஆட்டும் வேகம் நொடிக்கு வெறும் 9 சென்டிமீட்டர். சிவப்புக் குள்ள விண்மீன்களின் கதை வேறு. அவை எடை குறைந்தவை, ஒளியும் மங்கலானவை. அதனால் தண்ணீர் உறையாமலும் ஆவியாகாமலும் இருக்கக்கூடிய ‘உயிர்வாழ் மண்டலம்’ அங்கே விண்மீனுக்கு மிக அருகில் அமைகிறது. அவ்வளவு அருகிலுள்ள கோள் இலேசான விண்மீனை நன்றாகவே ஆட்டும். ப்ராக்சிமாவின் கோள் தன் விண்மீனை நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. நாம் நடக்கிற வேகம் அது. பால்வெளியில் நான்கில் மூன்று விண்மீன்கள் இந்த வகைதான். கோள் தேடுவோர் இவற்றை நாடுவதற்கு வேறு காரணம் வேண்டாம்.

ஆனால் இந்த விண்மீன்கள் அமைதியானவை அல்ல. உள்ளே வாயு பெருமளவில் கொதித்துப் புரள்வதால் வலுவான காந்தப்புலம் உருவாகிறது. அது மேற்பரப்பில் கரும்புள்ளிகளை எழுப்புகிறது, சுடர்களை வெடிக்கச் செய்கிறது. கோள் வேட்டையை அதிகம் குழப்புவது கரும்புள்ளிதான். விண்மீன் தன்னைத் தானே சுற்றும்போது ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மறு விளிம்பு விலகுகிறது. இரு பக்கமும் ஒரே அளவு ஒளிர்ந்தால் கூட்டிக் கழித்து மிச்சம் பூஜ்யம். வருகிற பக்கத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தால் அங்கே ஒளி குறைகிறது. விலகும் பக்கத்தின் கை ஓங்குகிறது. விண்மீன் முழுவதுமே விலகுவதுபோல் நிறமாலை காட்டுகிறது. புள்ளி நடுவைக் கடந்து மறுபக்கம் போனதும் கணக்கு தலைகீழாகிறது. ஆடாத விண்மீன் ஆடுவதுபோல் தெரிகிறது. அந்தப் பொய் ஆட்டத்தின் காலம் விண்மீனின் சுழற்சிக் காலமாக இருக்கும். புள்ளிகள் பரவியிருக்கும் விதத்தைப் பொறுத்து அதில் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ கூட இருக்கும்.

சூரியக் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை இதே டாப்ளர் முறையில் முதலில் கண்டவர் ஜான் எவர்ஷெட். கண்ட இடம் நம் கொடைக்கானல் ஆய்வகம், ஆண்டு 1909. கால்சியம் வரியின் ஒளியில் சூரியனை ஏறத்தாழ நூறாண்டுகள் படமெடுத்துச் சேர்த்ததும் அதே ஆய்வகம்தான். தொலைவிலுள்ள விண்மீன்களின் காந்தக் கொந்தளிப்பை அளக்க இன்றும் அந்தக் கால்சியம் வரிகளையே பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் வானியல் படிப்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடக் கூடாது என்பது என் எண்ணம்.

உயிர்வாழ் மண்டலத்தில் ஒரு கோள் இருந்தால், சிவப்புக் குள்ள விண்மீனை அது ஒருமுறை சுற்றிவரச் சில பத்து நாட்கள் ஆகும். வயதான பல சிவப்புக் குள்ள விண்மீன்கள் தம்மைத் தாமே சுற்றிக்கொள்ளவும் சில பத்து நாட்கள் முதல் நூற்றுச் சொச்சம் நாட்கள் வரை ஆகின்றன. நாம் எந்தக் கால அளவில் கோளைத் தேடுகிறோமோ அதே அளவில்தான் கரும்புள்ளியின் பொய்ச் சுவடும் விழுகிறது. சூரியனைப் போன்ற விண்மீனில் இந்தச் சங்கடம் இல்லை. சூரியன் சுழல்வது மாதத்துக்கு ஒருமுறை, பூமி சுற்றுவது ஆண்டுக்கு ஒருமுறை.

இனி கிளீஸ் 581. துலாம் விண்மீன் குழுவில், சுமார் 20 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இதன் ‘டி’ என்ற கோள் 2007-ல் அறிவிக்கப்பட்டது. அது 67 நாட்களுக்கு ஒருமுறை சுற்றுவதாக 2009-ல் கணக்கைத் திருத்தியபோது, உயிர்வாழ் மண்டலத்துக்குள் வந்து விழுந்தது. அந்த ஆண்டே ஆஸ்திரேலியாவிலிருந்து அதை நோக்கி மக்களின் வாழ்த்துச் செய்திகளை வானொலி அலையில் அனுப்பினார்கள். 2010-ல் ‘ஜி’ என்று இன்னொரு கோளும் வந்தது. நீங்கள் படித்தது அநேகமாக அதைப் பற்றித்தான். 2014-ல் பால் ராபர்ட்சன், சுவ்ரத் மகாதேவன் உள்ளிட்ட குழுவினர் அந்த விண்மீனின் காந்தக் கொந்தளிப்பைக் காட்டும் ஹைட்ரஜன் ஆல்ஃபா வரியை எடுத்து ஆராய்ந்தார்கள். விண்மீனின் சுழற்சிக் காலம் 130 நாட்கள் என்று தெரிந்தது. ‘டி’யின் காலம் கிட்டத்தட்ட அதில் பாதி. விண்மீனின் கொந்தளிப்பால் வந்த பங்கைக் கழித்ததும் ‘டி’யின் தடயம் இரைச்சலோடு இரைச்சலாகக் கரைந்தது. ‘டி’யை நம்பி நின்ற ‘ஜி’யும் விழுந்தது. நான் மிகவும் மதிப்பது அடுத்து நடந்ததை: அதே கழிப்புக்குப் பிறகு, உள்வட்டத்திலுள்ள மற்ற கோள்களின் தடயம் முன்னைவிடத் தெளிவாயிற்று. திருத்தம் பொய்யை நீக்கியதோடு நிற்காமல் மெய்யைத் துலக்கியும் காட்டியது. ‘பி’, ‘சி’, ‘இ’ என்ற மூன்று கோள்கள் இன்றும் நிற்கின்றன.

பர்னார்ட் விண்மீனிலும் இப்படித்தான். நமக்கு 6 ஒளியாண்டு தூரம். 233 நாட்களுக்கு ஒருமுறை சுற்றும் கோள் ஒன்றை 2018-ல் அறிவித்தார்கள். விண்மீனின் சுழற்சியோ சுமார் 145 நாட்கள். பாதியும் இல்லை, மூன்றில் ஒன்றும் இல்லை. பிறகு எப்படிச் சந்தேகம் வந்தது? பூமியிலிருந்து ஒரு விண்மீனை ஆண்டு முழுவதும் பார்க்க முடியாது. சூரியன் குறுக்கே வரும் மாதங்களில் அளவீடு நின்றுபோகும். ஆண்டுதோறும் வரும் இந்த இடைவெளி விண்மீனின் சுழற்சியோடு கலந்து, இல்லாத மூன்றாவது காலம் ஒன்றைக் காட்டும். கணக்குப் போட்டால் அது 233 நாட்களுக்கு வெகு அருகில் வருகிறது. 2021-ல் அந்தக் கோளைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆனால் விண்மீனை விடவில்லை. சிலியிலுள்ள எஸ்பிரெசோ கருவி 2024-ல் அங்கே 3.15 நாட்களில் சுற்றும் சிறு கோளைப் பிடித்தது. 2025-ல் ஹவாயிலுள்ள மரூன்-எக்ஸ் கருவியும் சேர, மொத்தம் நான்கு கோள்கள் உறுதியாயின. நான்கும் பூமியைவிட எடை குறைந்தவை.

மெய்யையும் பொய்யையும் பிரிக்க நம்பகமான வழி, நிறம் மாற்றிப் பார்ப்பது. கோள் இழுத்தால் விண்மீன் முழுவதும் ஆடும். எந்த நிறத்தில் அளந்தாலும் ஆட்டம் ஒரே அளவாக இருக்கும். கரும்புள்ளி சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும், அகச்சிவப்பில் மங்கும். கூடவே பொய் ஆட்டமும் சுருங்கும். சிம்ம விண்மீன் குழுவிலுள்ள ஏடி லியோனிஸ் அப்படித்தான் பிடிபட்டது. அதன் சுழற்சிக் காலமும், அதற்கு உண்டென்று 2018-ல் சொன்ன கோளின் காலமும் ஒன்றே: 2.23 நாட்கள். அகச்சிவப்பில் அளந்தபோது அந்த ஆட்டம் அதே அளவில் தெரியவில்லை. இதற்காகவே ஸ்பெயினில் கார்மெனெஸ் கருவி இரு ஒளிகளிலும் அளக்கிறது; டெக்சஸில் மகாதேவன் தலைமையில் உருவான கருவி அகச்சிவப்பில் இயங்குகிறது. காந்தப்புலம் வரிகளைப் பிளக்கும் சீமன் விளைவு அகச்சிவப்பில் கூடுதல் என்பதால் இந்தச் சோதனையையும் கண்மூடி ஏற்க முடியாது. பல ஆண்டுகள் பொறுத்துப் பார்ப்பது இன்னொரு வழி. புள்ளிகள் தோன்றி மறைவதால் அவற்றின் தாளம் தவறும். கோளின் தாளம் தவறாது.

ப்ராக்சிமா இந்தச் சோதனைகளைத் தாண்டி வந்தது. 2016-ன் தொடக்கத்தில் இரண்டு மாதங்களுக்கு மேல், முடிந்த இரவெல்லாம் ஹார்ப்ஸ் கருவியால் அதை அளந்தார்கள். அதே காலத்தில் வேறு தொலைநோக்கிகள் விண்மீனின் பிரகாசம் ஏறி இறங்குவதைக் கண்காணித்தன. கோளின் காலம் 11.2 நாட்கள், விண்மீனின் சுழற்சி 80 நாட்களுக்கு மேல். 2020-ல் எஸ்பிரெசோ தனியாக அளந்து அதே கோளைக் கண்டது. எனவே அந்தக் கோள் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கே உயிர் வாழுமா என்பது வேறு கேள்வி. 2016 மார்ச்சில் ப்ராக்சிமாவில் வெடித்த ஒரு சுடர் அதன் ஒளியைச் சற்று நேரத்துக்கு 68 மடங்கு கூட்டியது.

கோள் இருப்பது உறுதியான பிறகும் விண்மீன் குறுக்கிடும். கிளீஸ் 486-ன் கோளை 2023-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆராய்ந்தபோது நீராவியின் சாயல் தெரிந்தது. அந்த நீராவி கோளின் வளிமண்டலத்தில் இருக்கலாம். விண்மீனின் குளிர்ந்த கரும்புள்ளிகளிலேயே இருக்கவும் கூடும். ஆய்வாளர்கள் இரண்டையும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். அதுதான் முறை.

அடுத்த முறை சிவப்புக் குள்ள விண்மீன் ஒன்றில் புதிய கோள் என்று செய்தி வந்தால், அந்த விண்மீனின் சுழற்சிக் காலம் எத்தனை நாள் என்று சொல்லியிருக்கிறார்களா எனத் தேடிப் பாருங்கள். கோளின் காலம் அதற்குச் சமமாகவோ பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ இருந்தால், அல்லது சுழற்சிக் காலத்தைப் பற்றிய பேச்சே இல்லையென்றால், இன்னொரு கருவி அதை உறுதிசெய்யும் வரை பொறுத்திருங்கள்.