நாளைய சைக்கிள் எதனால் செய்யப்படும்?

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



கல்லூரி ஷெட் முழுக்க பைக் நிற்கும் இந்தக் காலத்தில் சைக்கிளைப் பற்றி ஒரு கட்டுரையா என்று கேட்காதீர்கள். 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்தில் நாம் உருப்போட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிற பாதி விஷயம் ஒரு சைக்கிள் ஃப்ரேமுக்குள் இருக்கிறது. பிளஸ் ஒன்னில் வாங்கிய இலவச சைக்கிளை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மாறாத வடிவம், மாறும் உலோகம்

1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே உயரத்தில் இரண்டு சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார். அதன்பின் சில ஆண்டுகளில் நிலைத்த வடிவம்தான் இன்றும் ஓடுகிறது. 1897-ல் இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் 'பட்டட் ட்யூப்' என்ற குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். இரு முனையிலும் தடிமன் அதிகம், நடுவில் குறைவு. ஏன்? இணைப்பு இருக்கும் முனையில்தான் ஸ்ட்ரெஸ் அதிகம், சூடு படுவதும் அங்கேதான். நடுவில் வீண் எடை எதற்கு?

எஃகா? அலுமினியமா?

அலுமினியம் லேசு, அதனால் ஃப்ரேமும் லேசு என்று எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள்! எஃகின் யங்ஸ் மாடுலஸ் சுமார் 200 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்குச் சுமார் 70. எடையில் மூன்றில் ஒரு பங்கு என்றால் விறைப்பிலும் மூன்றில் ஒரு பங்குதான். அப்புறம் லாபம் எங்கே?

லாபம் குழாயின் விட்டத்தில் இருக்கிறது. மெல்லிய குழாயின் விறைப்பு விட்டத்தின் மூன்றடுக்கில் ஏறும். எடை விட்டத்துக்கு நேர்விகிதத்தில்தான் ஏறும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எஃகுக் குழாய்: வெளிவிட்டம் 28.6 மி.மீ., தடிமன் 0.9 மி.மீ. ஒரு மீட்டர் எடை சுமார் 615 கிராம்.

அலுமினியக் குழாய்: வெளிவிட்டம் 40 மி.மீ., தடிமன் 1.5 மி.மீ. ஒரு மீட்டர் எடை சுமார் 490 கிராம்.

இ.ஐ. மதிப்பைக் கண்டுபிடித்தால், அலுமினியக் குழாய் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பு! எடையும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அலுமினிய சைக்கிளின் குழாய்கள் குண்டாக இருப்பது அழகுக்காக இல்லை என்பது இப்போது புரிகிறதா? அப்படியானால் எஃகையும் குண்டாக்கலாமே என்பீர்கள். அதே எடையில் விட்டத்தைக் கூட்டினால் சுவர் காகிதம்போல மெலிந்துவிடும். ஸ்டாண்டு தட்டினாலே நெளியும்.

கவனிக்க வேண்டிய ஆபத்து

இந்தப் பகுதியை மட்டுமாவது மறக்காதீர்கள். எஃகுக்கு 'எண்டியூரன்ஸ் லிமிட்' உண்டு. அதற்குக் கீழே ஸ்ட்ரெஸ் இருந்தால் லட்சக்கணக்கான முறை மிதித்தாலும் களைப்பால் விரிசல் வராது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சிறு ஸ்ட்ரெஸ் கூடக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

விரிசல் விட்ட ஃப்ரேமைப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒட்டவைப்பது நம் ஊர் வழக்கம். எஃகு ஃப்ரேமுக்கு, கை தேர்ந்தவர் செய்தால் அது சரி. ஆனால் 6061 அலுமினியத்தை வெல்டிங் செய்தால், ஓரத்தில் சூடுபட்ட இடம் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கும். தொழிற்சாலையில் வெல்டிங் முடிந்தபின் முழு ஃப்ரேமையும் சுமார் 530 டிகிரிக்குச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி 175 டிகிரி அளவில் பல மணி நேரம் வைப்பார்கள். பட்டறையில் இதற்கு அடுப்பு ஏது? பார்க்க நன்றாக ஒட்டியிருக்கும். லாரிக்கு முன்னால் போகும்போது உடைந்தால் ஆளே போய்விடுவான். ஆகவே அலுமினியத்தில் விரிசல் என்றால் ஃப்ரேமை மாற்றுங்கள்.

கார்பன் ஃபைபர்

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மேன் 'லோட்டஸ்' நிறுவனத்தின் கார்பன் சைக்கிளில் தங்கம் வென்றார். குழாய்களே இல்லாத, ஒரே வார்ப்பு போன்ற உடல் அது. கார்பன் இழையின் திசையில் விறைப்பு மிக அதிகம், குறுக்கே மிகக் குறைவு. எனவே எந்தத் திசையில் விசை வருகிறதோ, அந்தத் திசையில் இழையை அடுக்க வேண்டும். 2000-லிருந்து பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் சங்கம் விதி வைத்திருக்கிறது. குறை என்னவென்றால், அடிபட்டால் உள்ளே அடுக்கு பிரிந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். உலோகம்போல உருக்கிப் புதிதாக வார்க்கவும் முடியாது.

இனி வரப்போவது

முதலாவது, 3டி பிரிண்டிங். 2022 அக்டோபரில் இத்தாலியின் பிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. ஓட்டி உலக சாதனை படைத்தார். அவர் ஓட்டிய ஃப்ரேம், ஸ்காண்டியம் கலந்த அலுமினியப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிட்டது.

இரண்டாவது, செயினுக்குப் பதில் பல் பெல்ட். எண்ணெய் வேண்டாம், துரு இல்லை. ஆனால் பெல்ட்டைச் செயின்போலக் கழற்றி மாட்ட முடியாது. அதனால் ஃப்ரேமின் பின்முக்கோணத்தில் ஓர் இடத்தைத் திறக்கும்படி வடிவமைக்க வேண்டும்.

மூன்றாவது, மிதிக்கும்போது உதவும் மின்மோட்டார். ஐரோப்பாவில் 250 வாட், 25 கி.மீ. வேகம் வரைதான் உதவி என்பது சட்டம். மோட்டாரும் பேட்டரியும் ஏறியபின் ஃப்ரேமில் கிராம் கணக்கில் எடை குறைப்பதற்கு அர்த்தம் குறைகிறது. வலிமைக்கும் பிரேக்குக்கும்தான் மதிப்பு கூடும்.

என் கருத்து

பந்தயத்துக்குக் கார்பன் சரி. ஆனால் பின்னால் அரிசி மூட்டை, முன்னால் பிள்ளை என்று போகிற நம் ஊர் சைக்கிளுக்கு எஃகுதான் இன்னும் நெடுங்காலம் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். தெருமுனைக் கடையில் ரிப்பேர் செய்ய முடியாத சைக்கிள் எவ்வளவு லேசாக இருந்து என்ன பயன்?

ஜூனியர் நண்பர்களுக்கு ஒரு யோசனை. ஐ.எஸ்.ஓ. 4210 தரத்தில், ஃப்ரேமின் பெடல்களில் 1,00,000 முறை விசை கொடுத்துச் சோதிக்கும் முறை இருக்கிறது. ஒரு மோட்டார், ஒரு கிராங்க், ஒரு கவுண்டர் வைத்து அதைப்போல ஒரு சிறு மாதிரியை நம் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்யலாம். இறுதியாண்டு புராஜெக்டுக்கு யாராவது எடுத்துக்கொள்ளுங்களேன்!